கால்சியத்தை அடைக்கிற மாத்திரையும் நம் குடும்பக் குழுவும்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது, பார்த்திருப்பீர்கள். அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரை “கால்சியம் சேனல் பிளாக்கர்” வகையாம். அதனால் அது உடம்பில் இருக்கிற கால்சியத்தை அடைத்துவிடுமாம். எலும்பு உருகிவிடும், மூட்டு தேய்ந்துவிடும், கடைசியில் கிட்னியும் போய்விடும், உடனே நிறுத்துங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடிந்திருந்தது. மூன்று பேர் கைகூப்பி நன்றி போட்டிருந்தார்கள். எங்கள் சின்னம்மா, வயது 71, மாத்திரையை நிறுத்தியே விட்டார். “ஏனுங்க சின்னம்மா நிறுத்துனீங்க?”ன்னு போனில் கேட்டால், “முட்டி வலி தாங்க முடியல சாமி. இந்த மாத்திரைதான் எலும்பைத் தின்னுதாமா” என்கிறார். சின்னம்மாவுக்கு முட்டி வலி பத்து வருடமாக இருக்கிறது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகிறது. கணக்கு வாத்தியார் வீட்டில் பிறந்தவர் அவர், இந்தக் கழித்தலை அவரே போட்டிருக்கலாம்.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்து நான்கு வருடம் அன்னூர், அவிநாசிப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள். ஆனால் இதே மாத்திரையை, 5 மில்லிகிராம், எட்டு வருடமாக நானும் போடுகிறேன். என் வாயில் போடுகிற ஒன்று உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறதல்லவா. எங்கள் பள்ளியில் படித்து இப்போது அரசு மருத்துவராக இருக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை, ஆறாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

தோட்டத்தில் ஓஸ் பைப்பில் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். மோட்டார் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. பைப்பின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பைப்பே விறைத்துக்கொள்ளும். விரலை எடுத்தால் தளர்ந்துவிடும். இதயம் மோட்டார், ரத்தக் குழாய் பைப். ரத்தக் குழாயின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அந்தத் தசைதான் அழுத்துகிற விரல். தசையின் ஒவ்வொரு செல்லிலும் மிகச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அந்த வாசல் வழியாகக் கால்சியம் உள்ளே நுழைந்தால் தசை இறுகும். அம்லோடிபின் அந்த வாசலில் பாதியை ஒருக்களித்து வைக்கிறது. உள்ளே போகிற கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. அவ்வளவுதான்.

அடைபடுவது வாசல். கால்சியம் எங்கேயும் போவதில்லை. ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தின் அளவும் குறைவதில்லை, எலும்பில் இருப்பதும் கரைவதில்லை. ராகிக் களி சாப்பிடலாம், பால் குடிக்கலாம், டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையையும் போடலாம். பெயரில் கால்சியம் என்று இருப்பதை வைத்து எலும்பைப் பயமுறுத்துவது, வாய்க்கால் மேட்டில் குடியிருப்பவன் வீட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று முடிவு கட்டுகிற மாதிரி.

கிட்னி விஷயம் இன்னும் தலைகீழ். கட்டுப்படாத பிரஷர்தான் வருடக்கணக்கில் கிட்னியைக் கெடுக்கிறது. பிரஷருக்கு மாத்திரை போடுகிற ஒருவருக்குக் கிட்னி கெட்டால், நம் ஆட்கள் மாத்திரையின் மேல் பழியைப் போடுகிறார்கள். தீ பிடித்த வீட்டில் தீயணைப்பு வண்டியைப் பார்த்துவிட்டு, இதுதான் கொளுத்தியது என்று சொன்னால் எப்படி?

இனி, எனக்கு உண்மையாகவே வெசனமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத்திரையின் ஒரு நல்ல குணம்தான் நம் ஆட்களை ஏமாற்றுகிறது.

அம்லோடிபின் உடம்பிலிருந்து வெளியேற ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதில் பாதி குறைவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் போதும். ஒரு நாள் மறந்துவிட்டாலும் பிரஷர் உடனே எகிறிவிடாது. ஆரம்பிக்கும்போதும் அப்படித்தான், முழு பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். “ரெண்டு நாளா போடறேன், ஒன்னும் இறங்கல” என்று மூன்றாம் நாள் இன்னொரு டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

நிறுத்தும்போது என்ன ஆகிறது? முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளும் தெரியாது. மூன்றாம் நாள் மெடிக்கலில் பார்த்தால்கூட அளவு நன்றாக இருக்கலாம். “பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நார்மலா இருக்குது” என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அது நேற்றைக்கு முந்தின நாள் போட்ட மாத்திரையின் வேலை என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில், சத்தமே இல்லாமல் பிரஷர் பழைய இடத்துக்கு ஏறும். அப்போது அளந்து பார்க்க யாரும் போவதில்லை. வலியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. பிரஷர் ஏறினால் தலை வலிக்கும், பிடரி இழுக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது என்பதுதான் நிஜம்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், படிக்கிற பாதிப் பேருக்கு யார் என்று தெரியும். 46 வயது. ஏதோ ஒரு முகாமில் 170 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டான். மறுபடி பார்த்தபோது 128. “சரியாயிருச்சு” என்று அவனே முடிவு செய்து நிறுத்திவிட்டான். ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு நாள் இரவு ஷிப்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கை மரத்தது, வாய் கோணியது. கூட இருந்தவர்கள், தூக்கக் கலக்கம், படுத்தால் சரியாகும் என்று படுக்க வைத்திருக்கிறார்கள். காலையில்தான் ஆஸ்பத்திரி. ரத்த அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வேண்டுமென்றால் நாலரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். அது தாண்டிவிட்டது.

போன மாதம் போய்ப் பார்த்தேன். இடது கையால் எழுதிப் பழகுகிறான். நான்கு கோடு நோட்டு வாங்கி வைத்திருக்கிறாள் அவன் மனைவி. அவன் மகளின் நோட்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் வகுப்பில் அவன் கையைப் பிடித்து எழுத வைத்தது நான். முத்து முத்தாக எழுதுவான். “டீச்சர், திரும்ப உங்ககிட்டயே வந்துட்டேன்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

128 என்பது குணமான அளவு இல்லை கண்ணுகளா, மாத்திரை வேலை செய்கிற அளவு. கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி எறிவோமா?

இது அவன் ஒருவன் கதை என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். நம் தமிழக அரசு 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அப்படி உள்ளவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம். அதாவது நூறு பேரில் தொண்ணூற்று இரண்டு பேர் ஃபெயில். என் வகுப்பில் இப்படி ரிசல்ட் வந்திருந்தால் தலைமையாசிரியர் என்னை உட்கார வைத்துக் கேட்டிருப்பார், மாணவர்களை அல்ல.

அந்தக் கணக்கெடுப்புக்கு அடுத்து, 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். சுகாதாரத் தன்னார்வலர் பெண்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. எந்தக் கட்சி ஆட்சி என்று இதில் பார்க்காதீர்கள். நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்வோம். எங்கள் வீதிக்கு வருகிற பெண் வெயிலில் வேகுவேகென்று நடந்து வருகிறாள். அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்காமல், “கவர்மெண்ட் மாத்திரையா, வச்சுட்டுப் போ” என்று வாங்கி, அலமாரியில் போட்டுவிட்டு, டவுனில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

இலவசமாக வந்தால் வேலை செய்யாது என்று யார் சொன்னது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உண்டானது. மொத்தமாக மருந்து வாங்கி, ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பிச் சோதித்து, அதன் பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற அந்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பின்பற்றின. அம்லோடிபினைக் கண்டுபிடித்தது ஃபைசர் கம்பெனி. அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது. காப்புரிமையெல்லாம் முடிந்து எத்தனையோ வருடமாகிறது. இன்று நம் நாட்டில் ஏராளமான கம்பெனிகள் தயாரிக்கின்றன. மக்கள் மருந்தகத்தில் ஒரு அட்டை பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு வடை விலை. விலை குறைந்ததற்குக் காரணம் மருந்து பழசாகிவிட்டது என்பதுதான், தரம் குறைந்தது அல்ல. பழசு என்பது இங்கே நல்லது. 2002இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 33,000 பேருக்கு மேல் வைத்து இந்த மருந்தையும் வேறு வகை மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் இது மற்றவற்றுக்குச் சமமாகவே நின்றது. இதயம் பலவீனமடைகிற தொந்தரவு மட்டும், நீர் மாத்திரை வகையைவிட இதில் கொஞ்சம் அதிகம் என்று வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதயம் பலவீனம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இந்தக் குடும்பத்து மருந்துகளிலேயே ஒரு கெட்ட கதையும் உண்டு. உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பிரஷர் ஏறிவிட்டது என்றால் அந்தக் காலத்தில் நிஃபெடிபின் என்ற குளிகையை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்து விடுவார்கள். அதுவும் கால்சியம் வாசலை அடைக்கிற மருந்துதான். ஆனால் மின்னல் வேகம். அழுத்தம் தடாலென்று விழுந்து, அதனாலேயே சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1990களின் நடுவில் இந்தப் பழக்கம் ஆபத்து என்று மருத்துவ உலகம் எச்சரித்தது. அதனால், வீட்டில் யாருக்காவது அளவு அதிகமாகக் காட்டினால், சீக்கிரம் இறங்கட்டும் என்று நீங்களாகவே இரண்டு மூன்று அம்லோடிபினைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அது உடனே இறக்கவும் இறக்காது, சேர்ந்து இறங்கும்போது மயக்கம் போட்டுத் தள்ளும்.

சரி, கால் வீக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு நேர்மையாகாது. வாட்ஸ்அப் செய்தி சொன்னதெல்லாம் பொய். அது சொல்லாமல் விட்டது இந்த உண்மை.

அம்லோடிபின் போடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும். 5 மில்லிகிராமில் குறைவு, 10 மில்லிகிராமில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சாயங்காலம் செருப்பு இறுக்கும், விரலால் அமுக்கினால் பள்ளம் விழும். காரணம் இதுதான். ரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய்களை மருந்து விரிக்கிறது, திரும்பக் கொண்டுவருகிற குழாய்களை அந்த அளவு விரிப்பதில்லை. வரத்து வாய்க்கால் அகலம், வடிகால் குறுகல். அதனால் பக்கத்தில் கசிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதனால் இந்த வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை பெரிதாக உதவுவதில்லை.

என் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு என்ன நடந்தது தெரியுமா? ஓரிடத்தில் 10 மில்லிகிராம் எழுதினார்கள். கால் வீங்கியது. இன்னோரிடத்துக்குப் போனார். அங்கே என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை, வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். வீக்கம் வற்றவில்லை. ஆனால் உடம்பில் உப்புச் சத்து இறங்கி, ஒரு காலை வாசல் தெளிக்கும்போது மயங்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மூன்றாவதாக ஓரிடத்தில் கட்டுப் போட்டார்கள். மூன்று இடம், மூன்று சீட்டு, மூன்று ஃபைல். அம்லோடிபினை 5 ஆகக் குறைத்து வேறொரு மாத்திரையைச் சேர்த்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். டெல்மிசார்டன் போன்றவற்றைச் சேர்க்கும்போது இந்த வீக்கம் குறைகிறது என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. ஒத்துவராவிட்டால் அடியோடு மாற்றவும் வழி இருக்கிறது.

இங்கேதான் மருத்துவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். என் மாணவர்களில் டாக்டரானவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் ‘கால் வீங்கினா பயப்படாம எங்கிட்ட வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சட்டைப் பையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடி இல்லாத இடத்தில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விளக்கம் சொல்லாமல் கொடுத்த வீட்டுப்பாடத்தை எந்தப் பிள்ளையும் ஒழுங்காகச் செய்ததில்லை. மாத்திரையும் அப்படித்தான்.

கால் வீங்கினால் எல்லாமே மாத்திரையின் வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். இதயம், கிட்னி, ஈரல் கோளாறிலும் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு கதை, அன்றைக்கே போக வேண்டும். எது என்று பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. சிலருக்கு முகம் சிவக்கும், படபடக்கும், ஈறு தடிக்கும். பல் டாக்டரிடம் போனாலும் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடையில் அம்லோடிபின் என்ற பெயரில் கேட்பவர்கள் குறைவு. ஸ்டாம்லோ, அம்லாங், அம்லோகைண்ட், அம்லோபிரஸ் என்று ஆளுக்கொரு பெயர். எல்லாம் ஒரே மருந்துதான். டெல்மிசார்டனோடும் அட்டெனோலோலோடும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தும் வருகிறது. பி.எச்.சி.யில் கொடுத்தது ஒன்று, டவுன் டாக்டர் எழுதியது ஒன்று என்று இரண்டையும் போட்டால், ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறோம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் படிக்கத்தானே அவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம்.

உப்பைப் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்தான் அது. உலக சராசரியே அதைப் போல் இரு மடங்கு. நம் ஊரில் மோர் மிளகாயும் ஊறுகாயும் மட்டுமா? கோயமுத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு பேக்கரி. டீயும் பப்ஸும் இல்லாமல் சாயங்காலம் நகர்வதில்லை. உப்பைக் குறைத்தாலும், நடந்தாலும், புகையிலையை விட்டாலும் சிலருக்கு மாத்திரை குறையும், அபூர்வமாக நின்றும் போகலாம். குறைப்பதை அளந்து பார்த்து டாக்டர் செய்யட்டும் என்கிறேன், அவ்வளவே.

சின்னம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி (அதுதான் கஷ்டமாக இருந்தது), கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்தேன். 164க்கு 96. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி, 160க்கு 94. நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஓஸ் பைப் கதையைச் சொன்னேன். “அப்ப எலும்புக்கு ஒன்னும் ஆகாதா?” “ஆகாதுங்க.” “அப்பறம் ஏன் அந்தப் பேரு வச்சானுக?” இந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அதே 5 மில்லிகிராமைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். முட்டி வலிக்குத் தனியாகப் பார்க்கச் சொன்னார். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி இஷ்டத்துக்குப் போடுவதும் பிரஷரை ஏற்றும் என்று அவர் சொன்னது எனக்கே புதுச் செய்தி. சின்னம்மா அதை ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

குழுவில் அந்தச் செய்தியை அனுப்பிய மாப்பிள்ளை, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பதிவையும் அதே குழுவில் போட்டுவிடுங்கள். உங்கள் மாமியாரின் மாத்திரை அட்டைகளையும் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவர் இரண்டு இடத்தில் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன்.